ரோஜா மணத்திலிருந்து தூசி உண்ணி வரை: ஒவ்வாமைச் சோதனையின் கதை

மருத்துவ வரலாறு என்ற பெயரில் நாம் படிப்பவை பெரும்பாலும் கொள்ளைநோய்களின் வரலாறுகளே. பெரியம்மை, கொலரா, மலேரியா என்று ஊர்களைக் காலியாக்கிய நோய்களுக்குத்தான் ஏடுகளில் இடம் கிடைத்திருக்கிறது. தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் ஒரு வரலாறு உண்டென்று யாரும் நினைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் இதைத் தடிமன் என்போம். தடிமன் வரும், போகும். அதற்கென்று பள்ளிக்கூடத்தில் லீவு எடுப்பவர்கள்கூடக் குறைவு.

ஆனால் ஒரு பிள்ளையின் தடிமன் வந்தபடியே இருந்து, இரண்டு வருடங்களாகப் போகாமல் விட்டால் என்ன செய்வது? என்னுடைய மகளுக்கு அப்படித்தான் இருந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. விடிய எழும்பியவுடன் பத்துப் பதினைந்து தும்மல். பகல் முழுக்க மூக்கால் நீர். இரவில் வாயைத் திறந்தபடி உறக்கம். அவளை ஒவ்வாமைச் சோதனைக்குக் கொண்டுபோவதா, அது எதற்கு, அதனால் என்ன தெரியவரும் என்று தேடியபோது கிடைத்தவற்றையே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வைத்தியன் அல்லன். கலாசாலையில் படித்து வந்த கிராமத்து ஆசிரியன். எனவே ஒரு பாடத்தை ஆயத்தம் செய்வதுபோலவே இதையும் ஆயத்தம் செய்தேன்.

தேடத் தொடங்கியபோது நான் எதிர்பாராத இடத்தில் முதல் பெயர் கிடைத்தது. ஈரானின் ரை நகரில் 9 ஆம் நூற்றாண்டில் பிறந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸியின் பெயர் அது. ரையிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தவர் அவர். பெரியம்மையையும் சின்னமுத்தையும் தனித்தனி நோய்களாகப் பிரித்து விளக்கிய அவரது நூலைப் பலரும் அறிவர். அவ்வளவாக அறியப்படாத சிறிய நூல் ஒன்றும் அவருக்கு உண்டு. அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞருக்கு இளவேனிற் காலத்தில் ரோஜாவை முகர்ந்தவுடன் ஸுகாம், அதாவது நீர்க்கோவை, ஏன் வருகிறது என்பதே அந்த நூலின் பொருள். தலைப்பிலேயே நோயாளியின் பெயர், பருவம், காரணம் என்று சந்தேகிக்கப்படும் பொருள் ஆகிய மூன்றும் இருக்கின்றன.

அல்-பல்கீயும் சாதாரணமானவர் அல்லர். புவியியலாளர். உடலினதும் உள்ளத்தினதும் நலம் பற்றி "மஸாலிஹ் அல்-அப்தான் வல்-அன்ஃபுஸ்" என்ற நூலை எழுதியவர். ஆரோக்கியத்தைப் பற்றி உலகத்துக்கு எழுதியவர் ஒரு பூவின் முன்னால் தும்மிக்கொண்டு நின்றிருக்கிறார். அர்-ராஸி தம் காலத்துக்கு உரிய முறையில், உடலின் நீர்மங்கள் தலையில் சேர்ந்து வடிவதாகவே இதற்கு விளக்கம் தேடினார். அந்த விளக்கம் இன்று நிற்காது. ஆனால் "எப்போது வருகிறது, எதற்குப் பிறகு வருகிறது, ஏன் இவருக்கு மட்டும் வருகிறது" என்ற அவருடைய கேள்விமுறை நிற்கிறது. இன்றும் ஒவ்வாமை வைத்தியர் பிள்ளையின் தகப்பனிடம் முதலில் கேட்பது இவற்றையே.

நம்முடைய மரபிலும் இந்த அவதானிப்பு இருந்தது. சித்த மருத்துவ நூல்கள் நாட்பட்ட மூக்கு நோயைப் பீனிசம் என்று பெயரிட்டுப் பல வகையாகப் பிரித்தன. யாழ்ப்பாணத்து வீடுகளில் கிரந்தி என்றொரு சொல் இன்றும் வழங்குகிறது. நண்டு, இறால், கத்தரிக்காய் போன்ற சில உணவுகள் உடம்புக்குச் சேராமல் கடியையும் தடிப்பையும் கொண்டுவரும் என்பது அதன் பொருள். உணவுக்கும் உடலின் பிணக்குக்கும் தொடர்பு உண்டென்று பாட்டிமார் கண்டிருந்தார்கள். எந்த உணவு, எந்தப் பிள்ளைக்கு என்று பிரித்தறியும் வழிதான் அவர்களிடம் இருக்கவில்லை. அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாவற்றையும் தடுத்தார்கள்.

அந்த வழி ஐரோப்பாவில் திறந்தது. திறந்தவர்களும் நோயாளிகளே. 1819 ஆம் ஆண்டு ஜோன் பொஸ்டொக் என்ற ஆங்கில வைத்தியர், ஒவ்வொரு கோடையிலும் கண் எரிந்து, தும்மி, மூச்சு முட்டும் ஒரு நோயாளியைப் பற்றி இலண்டனில் கட்டுரை வாசித்தார். அந்த நோயாளி அவரேதான். இதே துன்பம் உடையவர்களைத் தேடி 1828 இல் அவர் மறுபடி எழுதியபோது மொத்தம் 28 பேரின் விபரம்தான் கிடைத்திருந்தது. அன்று அவ்வளவு அபூர்வமாக இருந்தது இந்த நோய். வைக்கோலின் மணத்தால் வருவதென்று மக்கள் நம்பினர். பொஸ்டொக் வெயிலே காரணம் என்று நினைத்தார்.

அதை அவிழ்த்தவர் மான்செஸ்டர் நகர வைத்தியர் சார்ள்ஸ் பிளாக்லி. அவருக்கும் இதே நோய். தம்முடைய முன்கையைச் சுரண்டி, அந்த இடத்தில் புல்லின் மகரந்தத்தை ஈரத்தோடு வைத்துக் கட்டினார். சிறிது நேரத்தில் அந்த இடம் அரித்துத் தடித்தது. உலகில் செய்யப்பட்ட முதலாவது ஒவ்வாமைத் தோற் சோதனை என்று இதைச் சொல்வர். வயல்களே இல்லாத நகரத்தின் நடுவே மகரந்தம் எப்படி வருகிறது என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்கு அவர் பட்டம் ஏற்றினார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டி ஆயிரம் அடிக்கு மேல் அனுப்பி, இறக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து எண்ணினார். தரை மட்டத்தைவிட உயரத்தில் மகரந்தம் கூடுதலாக இருந்தது. தொலைவிலிருந்து காற்று சுமந்து வருகிறது என்று தெளிந்தார்.

வல்வெட்டித்துறையில் பிறந்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தோசம் வருவது இயல்பு. தைப்பொங்கல் அன்று எங்கள் உதயசூரியன் கடற்கரையில் வாடைக்காற்றில் ஏறும் விசித்திரப் பட்டங்களைப் பார்க்க நாடெங்கிலுமிருந்து சனம் வருகிறது. பட்டத்தை அழகுக்காகவும் போட்டிக்காகவும் ஏற்றுகிறோம். ஒரு நோயின் காரணத்தைப் பிடித்து இறக்குவதற்காகவும் ஒருவர் ஏற்றியிருக்கிறார் என்று வகுப்பில் சொன்னபோது, பிள்ளைகள் அன்று விஞ்ஞான பாடத்தை மணி அடித்த பிறகும் விடவில்லை.

பிளாக்லியின் நூல் 1873 இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நாடு திரும்பினார். 1847 இல் வந்தவர், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தி, 1860 களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். "இரணவைத்தியம்", "கெமிஸ்தம்" போன்ற நூல்கள் அவரும் அவருடைய மாணவர்களும் தமிழுக்குக் கொண்டுவந்தவை. யாழ்ப்பாண நகரத்து வைத்தியசாலையோ அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் முன்னின்று 1850 இல் தொடங்கிவைத்தது. ஆக, ஒவ்வாமைச் சோதனை பிறந்த காலத்தில் எங்கள் குடாநாடு மருத்துவ அறிவுக்கு வெளியே இருந்த ஊர் அல்ல. உலகத்தின் மருத்துவ நூல்கள் தமிழில் அச்சேறிய ஊர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்வை வேறு பக்கம் திரும்பியது. 1901 இல் மொனாகோ இளவரசரின் கப்பலில் கடற்பயணம் போன சார்ள் ரிஷே, போல் போர்ட்டியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் கடற்சொறி வகை உயிரின் நஞ்சை ஆராய்ந்தார்கள். கரைக்குத் திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சைச் சிறு அளவில் நாய்களுக்கு ஏற்றினார்கள். முதல் தடவை தாங்கிய நாய், சில கிழமைகள் கழித்து அதே சிறு அளவு ஏறியவுடன் நிமிடக் கணக்கில் இறந்தது. ஒருமுறை பட்டது காப்பாக அமையும் என்பதே அன்றைய நம்பிக்கை. இங்கே ஒருமுறை பட்டதே ஆபத்தாக மாறியிருந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ரிஷேக்கு 1913 இல் நொபெல் பரிசு கிடைத்தது.

வியன்னாவில் குழந்தை வைத்தியராக இருந்த கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே, தொண்டைக்கரப்பானுக்காகக் குதிரைச் சீரம் ஏற்றப்பட்ட பிள்ளைகளில் சிலர் காய்ச்சலும் தடிப்பும் கொண்டு வருந்துவதைக் கவனித்தார். காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே துன்பமும் தருகிறது என்று கண்டு, 1906 இல் இதற்கு "அலர்ஜி" என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் வேறு, வினை என்ற பொருள்தரும் இரண்டு சொற்களின் சேர்க்கை அது. உடல் ஒரு பொருளை மறுமுறை சந்திக்கும்போது வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்பதே அவர் கருதிய பொருள். அரபு மொழியில் இன்று இதை ஹஸ்ஸாஸிய்யா என்கிறார்கள். உணர்திறன் மிகுதி என்பது அதன் கருத்து. தமிழில் ஒவ்வாமை என்றோம். மூன்று சொற்களும் மூன்று இடத்தில் விரல் வைக்கின்றன. கிரேக்கச் சொல் மாறிய நடத்தையையும், அரபுச் சொல் உடலின் கூர்மையையும், தமிழ்ச்சொல் பொருளோடு வந்த பிணக்கையும் காட்டுகின்றன. நோயின் இயல்புக்கு அரபுச் சொல்லே நெருங்கி நிற்பதாக எனக்குப் படுகிறது. ஏனெனில் பிழை ரோஜாவில் இல்லை.

உடலுக்குள் அந்தக் கூர்மையைச் சுமந்து திரிவது எது என்ற கேள்விக்கு விடை காண இன்னும் அறுபது ஆண்டுகள் சென்றன. 1921 இல் ஜெர்மனியில் மீன் ஒவ்வாத கூஸ்ட்னர் என்பவரின் சீரத்தை பிராவுஸ்னிட்ஸ் என்பவர் தம் தோலுக்குள் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றையும் ஏற்றினார். அந்த இடம் மட்டும் தடித்தது. ஒவ்வாமை இரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒரு பொருளால் கடத்தப்படுகிறது என்பது இதனால் உறுதியானது. அந்தப் பொருளை 1966 இல் அமெரிக்காவின் டென்வரில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் கண்டறிந்தனர். 1967 இல் சுவீடனில் ஜோஹான்சன், பென்னிக் என்போரும் தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டு அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர் வைக்கப்பட்டது. இரத்தத்தில் அதை அளக்கும் சோதனையும் அந்தக் காலத்திலேயே உருவானது. தோலில் குத்திப் பார்ப்பதற்கு மாற்றாக ஓர் ஊசி இரத்தம் போதும் என்றாயிற்று.

அதே 1960 களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்போர் வீட்டுத் தூசியின் மர்மத்தை அவிழ்த்தார்கள். தூசி பலருக்குச் சேராது என்பது பழைய அறிவு. தூசியில் இருக்கும் எது சேரவில்லை என்பதே கேள்வி. ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்களவான உண்ணி ஒன்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்ந்து, நம் உடம்பிலிருந்து உதிரும் தோற்செதிலைத் தின்கிறது. அதன் எச்சமே மூக்குக்குள் போய்த் தும்மலைக் கிளப்புகிறது. இந்த உண்ணிக்கு ஈரப்பதன் வேண்டும். கடலோரத்து வீடுகளில் அதற்குக் குறைவில்லை. இங்கிலாந்தில் மகரந்தம் என்றால், எங்களைப் போன்ற வெப்பநாட்டுக் கரையூர்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியவர் இவர்தான்.

இவ்வளவு வரலாற்றையும் படித்தபின் எங்கள் வீட்டு நிலைமைக்கு வருகிறேன். நான் பள்ளிக்கூடம் போன 1990 களில் இப்படியொரு சோதனையை யாரும் நினைத்தே பார்த்திருக்க முடியாது. ஏ-9 வீதி 1990 முதல் 2002 வரை மூடிக்கிடந்தது. திறந்தது 2006 இல் மறுபடி மூடப்பட்டது. காய்ச்சலுக்கு மருந்து கிடைப்பதே பெரிதாக இருந்த காலத்தில் மூக்குச் சளி ஒரு நோயாக எண்ணப்படவில்லை. வகுப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்வாங்கில் இருந்தவர்கள் மக்குகள் என்று பெயர் வாங்கினார்கள். அவர்களில் எத்தனை பேர் இரவில் மூச்சு முட்டி உறங்காமல் வந்தவர்கள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

மகளுடைய விசயத்தில் அம்மம்மாவின் தீர்ப்பு முதலிலேயே வந்துவிட்டது. "பிள்ளை, இவளுக்கு இறால், நண்டு, கணவாய் ஒண்டும் குடுக்காதை. எல்லாம் கிரந்தி" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டார். பிறகு சூரையும் நின்றது. முட்டையும் நின்றது. கடலில் இறங்கிப் பிழைக்கும் ஊரில் வளரும் பிள்ளை சோற்றோடு பருப்பும் கீரையும் தின்று மெலிந்துகொண்டு வந்தாள். தும்மல் மட்டும் குறையவில்லை. காது, மூக்கு, தொண்டை வைத்தியர் பார்த்துவிட்டு, மூக்கின் உட்தோல் வெளிறி வீங்கியிருக்கிறது, ஒவ்வாமையாக இருக்கலாம், சோதனை செய்தால் நல்லது என்று கொழும்புக்கு எழுதித் தந்தார்.

இரவு பஸ்ஸில் ஏறிப் போனோம். ஒரு கிழமைக்கு முன்னரே ஒவ்வாமைக் குளிசைகளை நிறுத்தும்படி சொல்லியிருந்தார்கள். நிறுத்தாமல் போனால் தோல் பதில் சொல்லாது, பயணம் வீண். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் மகளின் முன்கையில் பேனையால் எண்களிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு சாற்றுத்துளி வைத்து, நுனி மட்டும் படும்படி மெல்லக் குத்தினார்கள். இரத்தம் வரவில்லை. ஒரு துளி ஹிஸ்டமின். அது கட்டாயம் தடிக்க வேண்டும். ஒரு துளி வெறும் உப்புநீர். அது தடிக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். பரீட்சைத் தாளைத் திருத்துமுன் விடைத்தாளைச் சரிபார்ப்பது போன்றது இது. 15 நிமிடத்துக்குப் பின் தடிப்புகளை அளந்தார்கள். உப்புநீர்த் தடிப்பைவிட 3 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் கணக்கில் எடுப்பார்கள்.

தூசி உண்ணி 7 மில்லிமீற்றர். கரப்பான் பூச்சி 4. இறால் 3. மீன், நண்டு, முட்டை, பால், கச்சான் எதுவும் தடிக்கவில்லை.

இறாலைக் கண்டதும் மனைவி என்னைப் பார்த்தார், அம்மா சொன்னது சரிதானே என்பதுபோல. வைத்தியர் கேட்டார்: "மாஸ்டர், மறிக்க முந்தி மகள் இறால் சாப்பிட்டவவோ? சாப்பிட்ட உடனை வாய் கடி, தடிப்பு, சத்தி ஏதும் வந்ததோ?" ஒன்றும் வந்ததில்லை. உண்ணியிலும் கரப்பானிலும் இறாலிலும் ஒன்றையொன்று ஒத்த ட்ரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது. உண்ணியை அடையாளம் கண்டு வைத்திருக்கும் உடல், இறாலையும் அதன் உறவென்று மயங்கலாம். தோல் தடிப்பது உடல் ஒரு பொருளை அறிந்து வைத்திருக்கிறது என்பதற்கே சாட்சி. அந்தப் பொருள் நோய் தருகிறது என்பதற்கு, உண்டபின் என்ன நடந்தது என்ற கதைதான் சாட்சி. அடுத்த வருகையில் வைத்தியரின் கண் முன்னாலேயே சிறிது சிறிதாக இறாலைக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் மகள் மீன் பொரியல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

எங்களுக்கு இந்தச் சோதனை தந்த பெரிய நன்மை அதுதான். உண்ணியைக் காட்டித் தந்தது ஒரு பக்கம். குற்றமில்லாத உணவுகளை விடுவித்தது மறு பக்கம். வளரும் பிள்ளைக்கு இரண்டாவதே முக்கியம் என்பேன்.

இதற்கு நேர்மாறான வியாபாரமும் உண்டு என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. கொழும்பிலும் சென்னையிலும் மட்டுமல்லாமல் உலகம் முழுவதும், நூற்றுக்கு மேற்பட்ட உணவுகளுக்கு ஒரே இரத்தத்துளியில் "சேராமை" பார்ப்பதாகச் சொல்லும் சோதனைகள் விற்பனையாகின்றன. அவற்றில் பல ஐ.ஜி.ஈ. அல்லாத ஐ.ஜி.ஜி. என்ற வேறொன்றை அளப்பவை. ஐ.ஜி.ஜி. அந்த உணவை நாம் உண்டு வருகிறோம் என்பதைத்தான் காட்டும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008 ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டது. அந்தத் தாள்களைப் பார்த்துப் பாலையும் முட்டையையும் கோதுமையையும் நிறுத்தும் பெற்றோர், கிரந்திக்குப் பயந்த பாட்டிமாரைவிட அதிகம் செலவு செய்து அதே இடத்துக்கே வந்து சேர்கிறார்கள்.

உண்ணி என்று தெரிந்தபின் என்ன செய்தோம்? தலையணை உறை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் கிழமைக்கொருமுறை கொதிநீரில் அலசி வெயிலில் போடுகிறோம். பழைய தும்பு மெத்தை போய்விட்டது. இவற்றால் மட்டும் நோய் தீராது என்று வைத்தியர் முன்கூட்டியே சொன்னார். மூக்குக்குள் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஒழுங்காகத் தினமும் பாவித்ததில்தான் மாற்றம் கண்டோம். நுளம்புத்திரிப் புகையும் சாம்பிராணிப் புகையும் எந்தச் சோதனையிலும் தடிக்க மாட்டா. ஆனால் ஏற்கெனவே புண்பட்ட மூக்கை அவை எரிச்சலூட்டும் என்பதால் அவள் படுக்கும் அறையில் அவற்றையும் நிறுத்தினோம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1999 இல் உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து கூடிய நிபுணர்கள், கிழமையில் நான்கு நாளுக்கு மேலும் தொடர்ந்து நான்கு கிழமைக்கு மேலும் நீடிக்கும் ஒவ்வாமை மூக்கு நோயை நீடித்த வகை என்று வகுத்தார்கள். உறக்கமும் படிப்பும் கெடுகிறதா என்பதையும் நோயின் கடுமைக்கு அளவுகோலாக வைத்தார்கள். மூக்கும் நுரையீரலும் ஒரே வழி என்பதால் இப்பிள்ளைகளுக்கு முட்டு வருத்தம் இருக்கிறதா என்று பார்க்கவும் சொன்னார்கள். பழைய வகைக் குளிசைகள், குறிப்பாகக் குளோர்பெனிரமின், பிள்ளையை வகுப்பில் தூங்க வைக்கும். நோயும் தூக்கம் கெடுத்து, மருந்தும் தூக்கம் கொடுத்தால், பின்வாங்கில் தலைசாய்ந்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதுவது எளிது. எழுதமுன் எத்தனை கிழமையாக மூக்கை உறிஞ்சுகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இனிச் சொல்ல வேண்டியது இந்த இதழின் வாசகர்களுக்கு. 1900 இல் பற்றீரியா ஆய்வு நிறுவனமாகத் தொடங்கி இன்று கொழும்பு பொரளையில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவிலும் ஒவ்வாமைச் சோதனைகள் செய்யப்படுகின்றன. சோதனை இருக்கிறது. அதைச் சூழ்ந்த அறிவு எங்கள் மொழியில் இல்லை. எங்கள் கையில் தந்த அறிக்கை முழுவதும் ஆங்கிலம். என் மனைவிக்கு அதை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கிலம் தெரியாத ஒரு தாய், இறாலுக்கு நேரே இருக்கும் 3 என்ற எண்ணைக் கண்டு ஆயுள் முழுதும் பிள்ளைக்கு இறாலை மறுப்பார். ஒரு நோயாளியின் தும்மலுக்கு அர்-ராஸி அரபியில் தனி நூல் எழுதினார். கிறீனின் மாணவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே முழு மருத்துவத்தையும் தமிழில் கற்றார்கள். இன்று, ஒவ்வாமைச் சோதனைக்குப் போகுமுன் ஒரு பெற்றோர் படிக்கத்தக்க பத்துப் பக்கச் சிறுநூல் ஒன்றைத் தமிழில் தேடி நான் களைத்துவிட்டேன். வைத்தியர்களும் எழுதத் தெரிந்தவர்களும் சேர்ந்தால் அது ஒரு மாத வேலை. யாராவது முன்வந்தால், பிழை திருத்திக் கொடுக்கவும் எங்கள் வலயப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.